பழைய பிக்கப்பின் உள்பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1990-களில் வாங்கிய டாடாமொபைல் 206 இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. மேட்டைத் தூக்கிப் பார்த்தால் தகரத்தில் இரண்டு ஓட்டை. ஃபைபர் ஒட்டி, மேலே புது மேட் போட்டு, அப்படியே சீட்டையும் தைத்துவிடலாமா?
(பல்லடம் வாசகர்)

பதில்: சீட்டுக்கு இப்போது காசைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் அடுத்த மழையோடு போய்விடும்.

மேட், அதன் அடியில் இருக்கும் சணல் பட்டை இரண்டையும் முழுக்க எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டை ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. தகரத்தைத் தின்பது பெரும்பாலும் அதுதான். உள்பக்க மூலைகளிலும் இணைப்புகளிலும் சாக்பீஸ் பொடியைத் தூவி, ஒருவரை உள்ளே டார்ச்சோடு உட்கார வையுங்கள். வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை அழுத்தமில்லாமல் விடுங்கள். கதவின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. பொடியில் கோடு விழும் இடம்தான் வழி. முன்கண்ணாடியின் பீடிங் ரப்பர், வைப்பருக்குக் கீழே இலை அடைத்த வடிகால், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) ஒயரும் கேபிளும் நுழையும் ஓட்டைகளில் இற்றுப்போன ரப்பர் வளையங்கள் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

பலர் கவனிக்காத நான்காவது வழி கதவு. கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. அடியில் உள்ள துளை வழியாக வெளியேறிவிடும். கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அதை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியவர் அதைக் கிழித்தெறிந்திருப்பார். அட்டை ஊறி உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். 600 கேஜ் கனமுள்ள பாலிதீனை வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சுற்றி ஒட்டுங்கள். கீழ் ஓரம் மட்டும் கதவின் உள்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும்.

இனி ஓட்டை. துருவின் மேல் ஃபைபர் ஒட்டினால் இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். பட்டியும் (பெயின்ட்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பசை) அப்படித்தான், அது தண்ணீரை உறிஞ்சும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று கேட்பது நல்ல தகரம், 'பொத்' என்றால் இற்றது. நல்ல தகரத்துக்குள் ஓர் அங்குலம் வரை வெட்டிவிட்டு, மீந்த ஓரத்தின் கனத்தை அளந்து அதே கனத்தில் சி.ஆர். தகடு (துத்தநாகம் பூசாத சாதாரண இரும்புத் தகடு) வையுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், வெல்டிங் சூட்டில் வரும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் கெடுதல்.

தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தரைக்கு அடியில் டீசல், பிரேக் பைப்புகள் எங்கே ஓடுகின்றன என்று படுத்துப் பாருங்கள். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங்) அங்குலத்துக்கு ஒரு புள்ளி, இடம் மாற்றி மாற்றி வைத்து வந்தால் தகடு நெளியாது. கேபினைச் சேஸியில் தாங்கும் ரப்பர் மவுண்ட் வரை துரு போயிருந்தால், வெட்டும் முன் கேபினுக்கு முட்டு கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கதவு சேராது.

சுற்றிலும் சுரண்ட முடியாத மெல்லிய துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவைக் கெட்டிப் பூச்சாக மாற்றும் திரவம்) தடவி ஒரு நாள் விடுங்கள். பளபளக்கும் தகரத்திலும் பெயின்ட்டின் மேலும் அது வேலை செய்யாது. பிறகு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், இணைப்புகளில் சீம் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை). அடிப்பக்கத்துக்கும் அதேதான், டிங்கர் மறப்பது அங்கேதான்.

கேள்வி: சீட்டுக்குப் புது ஃபோம், புது ரெக்ஸின் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. நடுவில் குழி விழுந்துவிட்டது, தையலும் விடுகிறது. '40 டென்சிட்டி' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
(தாராபுரம் வாசகர்)

பதில்: சொன்னதை நம்பாமல் எடை போடுங்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ. ஓரடி நீளம், ஓரடி அகலம், 4 அங்குல உயரத் துண்டு சுமார் 380 கிராம் இருக்க வேண்டும். 250 கிராம்தான் வந்தால் உங்களுக்குக் கிடைத்தது 26 சொச்சம்.

ஃபோம் சரியாக இருந்தும் குழி விழுந்தால் அடியில் பாருங்கள். வளைகம்பி ஸ்பிரிங்கின் கொக்கி கழன்றிருக்கலாம், ஃபிரேமில் வெல்டு விட்டிருக்கலாம். ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் கனமான சணல் துணியோ ஃபெல்ட்டோ இல்லாவிட்டால் கம்பி ஃபோமை ரம்பம் போல அறுத்துவிடும். பழைய சீட்டில் ரப்பர் ஏற்றிய தேங்காய்நார் பட்டை இருந்திருந்தால், அது உதிராதவரை தூக்கிப் போடாதீர்கள். இன்றைய மலிவு ஃபோமைவிட மேல்.

தையல் விடுவதற்குப் பருத்தி நூல் ஒரு காரணம். வியர்வையிலும் வெயிலிலும் இற்றுவிடும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் கேளுங்கள். தையல் 4 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பார்கள், ஆனால் ரெக்ஸின் தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். உறையை மாட்டும் முன் அரை மணி நேரம் வெயிலில் போட்டால் சுருக்கமில்லாமல் இழுபடும்.

கேள்வி: டாஷ்போர்டு வெடித்துவிட்டது. ஒட்டி பெயின்ட் அடித்தால் உரிந்து வருகிறது.
(தேனி வாசகர்)

பதில்: கழற்றி, பின்பக்கம் என்ன எழுத்து அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அது பிளாஸ்டிக்கின் வகை. ஏ.பி.எஸ். (ABS) என்றால் வெடிப்பு முடியும் இடத்தில் 2 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். வெடிப்பை 'வி' வடிவில் தேய்த்து, அதே பிளாஸ்டிக் தூளை அசிட்டோனில் கரைத்த குழம்பால் நிரப்பி ஒரு நாள் காயவிடுங்கள். பி.பி. (PP, பாலிபுரோப்பிலீன்) என்று இருந்தால் அசிட்டோன் அதைத் தொடாது. பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி, பெயின்ட்டுக்கு முன் பி.பி.க்கான பிரைமரும் கட்டாயம்.

பெயின்ட் உரிவதற்கு இன்னொரு காரணம், இத்தனை வருடம் பூசிய சிலிகான் பாலிஷ். சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகும் கிரீஸும் நீக்கும் திரவம், அதன் பிறகே 400 நம்பர் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் பாலிஷைப் பிளாஸ்டிக்குக்குள் ஏற்றிவிடுவீர்கள்.

கேள்வி: செல்போன் சார்ஜரும் ஸ்டீரியோவும் மாட்டியதிலிருந்து டாஷ்போர்டுக்குள் கருகல் வாடை.
(அரூர் வாசகர்)

பதில்: பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மேலே படியுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வழுகிவிடும். ஒவ்வோர் இணைப்பையும் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். 60 வாட் ஸ்டீரியோ 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கம், ஸ்டீரியோவுக்குப் பின்னால் அல்ல. நடுவழியில் ஒயர் உரசினால் காப்பாற்றுவது அதுதான். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்திருந்தால், வாடைக்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று.