பாதையில் சேறு கிடந்தால் ஓரமாகச் சுற்றிப் போவதுதானே நல்லது?

நீங்கள் ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி, வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். நானும் முதலில் இப்படித்தான் நம்பினேன். ஆனால் ஓரம் வேண்டவே வேண்டாம். கடக்க முடிந்தால் நடுவிலேயே போங்கள், முடியாவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

நாலு வண்டிகளாகப் போயிருந்தோம், முந்தின நாள் மழை. குறுக்கே ஒரு சேற்றுக் குட்டை, முழங்கால் ஆழம்கூட இல்லை. வண்டி அழுக்காகுமே என்பதுதான் என் கவலை. ஆனால், "பாதையைக் கெடுக்க வேண்டாமே" என்று பெரிய மனிதன் மாதிரிச் சொல்லிவிட்டு இடப்பக்கப் புல்லில் ஏற்றினேன். பின்னால் வந்த மூவரும் என் தடத்திலேயே வந்தார்கள்.

ஆறு மாதம் கழித்துப் போனால் இடமே அடையாளம் தெரியவில்லை. புல் இருந்த இடத்தில் இன்னொரு குட்டை; அதையும் சுற்றிக்கொண்டு புதுசாக ஒரு தடம். டயர் அமுக்கிய மண்ணில் தண்ணீர் லேசில் இறங்காது, பள்ளத்தோடு ஓடி மண்ணை அரிக்கும். சரிவில் நான் போட்ட தடம் வாய்க்காலாகவே ஆகியிருந்தது. அதன் கரையில் ஒரு புதர், பாதி வேர் வெளியே தொங்கிக்கொண்டு.

"மாடு நடந்தாலும்தான் பாதை கெடும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். கெடும்தான். மாடு ஆக்சிலரேட்டரை மிதிப்பதில்லை.

இப்போதெல்லாம் இறங்கி, குச்சியை விட்டு ஆழம் பார்க்கிறேன். என் வண்டி டயரில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் காற்றை 20 வரை இறக்குவேன். டயர் தரையில் பரவி உட்காரும், அவ்வளவாக வழுக்காது. லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) போட்டு, ஒரே சீராக மெதுவாக நகர்த்துவேன். சக்கரம் சும்மா சுற்றினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும், பள்ளம் விழுவதே அங்கேதான். தரை ரொம்ப இளகியிருந்தால் அன்றைக்குப் பயணமே கிடையாது. வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி) போட நேர்ந்தால் மரத்தில் கம்பியை நேராகச் சுற்றாதீர்கள், மரப்பட்டையை அறுத்துவிடும். மரத்தில் சுற்ற அகலமான வார் தனியாகக் கிடைக்கிறது.

தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும், அதனால் கம்ப்ரசர் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை இரவல் வாங்கிய நண்பர் ஒருவர் ஃபியூஸ் போன நிலையில் திருப்பித் தந்து, "முன்னாடியே இப்படித்தான் இருந்தது" என்றார். அடுத்து வாங்கிப் போனவர் இன்னும் தரவேயில்லை.