சமரச நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நானும் அண்ணனும் நடத்திய கூட்டுத்தொழில் 2024 மார்ச் 31-ல் கலைக்கப்பட்டது. கணக்கு இன்னும் தீரவில்லை. தகராறு தீர்க்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அண்ணன் அழைத்து வந்திருக்கிறார். அதன் தலைமையில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், ‘வழக்கறிஞர், நிர்வாக இயக்குநர்’ என்று போட்டுக்கொள்பவர் ஒருவர், 25 வருட மனிதவள அனுபவத்தோடு ‘சான்றிதழ் பெற்ற மீடியேட்டர்’ என்கிற அம்மையார் ஒருவர். அந்த அம்மையார் முன்பு அண்ணனின் வேறொரு கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர். மூன்று அமர்வில் சமரசம் ஆகாவிட்டால் அவரே நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்வார், அதுவே இறுதி என்று ஒப்பந்தம் சொல்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது இருக்கிற வடிவில் போடாதீர்கள். சமரசத்துக்கு உட்காருவது நல்லதுதான். வில்லங்கம் அந்த நடுவர் ஷரத்தில் இருக்கிறது.

சமரசப் பேச்சில் தனியறையில் மனம் திறந்து பேசுவீர்கள். ‘கேட்பது முழுவதும் வேண்டாம், பாதி தந்தால்கூட முடித்துக்கொள்வேன்’ என்று சொல்லிவைப்பீர்கள். பேச்சு முறிந்தால், அதைக் கேட்டவரே தீர்ப்பு எழுத உட்காருவார். நடுவர் தீர்ப்பு, சமரசம் இரண்டுக்குமான ஆர்பிட்ரேஷன், கன்சிலியேஷன் சட்டம் 1996-ன் 80-வது பிரிவு இதைத் தடுக்கிறது: சமரசராக இருந்தவர் அதே தகராறில் நடுவராகக் கூடாது. ஆனால் ‘தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி’ என்றுதான் அந்தப் பிரிவே ஆரம்பிக்கிறது. நீங்கள் போடும் கையெழுத்துதான் அந்த ஒப்புதல்.

இரண்டாவது பொறியும் உண்டு. அதே சட்டத்தின் 12(5)-ஆம் பிரிவும் ஏழாவது அட்டவணையும், ஒரு தரப்பின் ஊழியராகவோ ஆலோசகராகவோ இருந்தவரோ, அந்தத் தரப்போடு பழைய தொழில் தொடர்பு உள்ளவரோ நடுவராக முடியாது என்கின்றன. அந்த அட்டவணையின் முதல் இனத்தில் ‘கடந்த காலத் தொடர்பு’ என்றுதான் இருக்கிறது. இத்தனை வருடத்துக்குள் என்று வரம்பு இல்லை. ஆலோசனை பெற்றது அண்ணனா, அவருடைய கம்பெனியா என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். தகராறு எழுந்த பிறகு தரப்பினர் வெளிப்படையாக எழுதிக்கொடுத்தால் இந்தத் தடையையும் விட்டுக்கொடுக்க முடியும். உங்கள் தகராறு ஏற்கெனவே எழுந்துவிட்டது. ஆகவே ‘நடுவரின் முந்தைய தொடர்புகளை அறிந்தே சம்மதிக்கிறோம்’ என்ற மாதிரி ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடந்துகொண்ட விதத்தை வைத்து மட்டும் இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது, எழுத்தில் வெளிப்படையாக வேண்டும் என்று பாரத் பிராட்பேண்ட் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தில் கொடுத்துவிட்டால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

இனி அந்த மூவரின் பின்னணி. மாவட்ட நீதிபதிக்கு ஓய்வோடு அதிகாரமும் போய்விட்டது. அவர் முன்னால் எழுதப்பட்டது என்பதாலேயே ஓர் உடன்படிக்கை தீர்ப்பாணை ஆகிவிடாது. பலம் வருவது 73, 74-வது பிரிவுகளிலிருந்து: தரப்பினர் கையெழுத்திட்டு, சமரசர் அதை உறுதிப்படுத்தி, ஆளுக்கொரு பிரதி தர வேண்டும். அப்படிச் செய்தால் அது நடுவர் தீர்ப்புக்குச் சமம். இந்த முறையில் வராத உடன்படிக்கைக்கு அந்தத் தகுதி கிடையாது என்று மைசூர் சிமென்ட்ஸ் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. எனவே ‘இச்சமரசம் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பாகத்தின்படி நடைபெறுகிறது’ என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டு மீடியேஷன் சட்டத்தை மட்டும் காட்டினால் திருப்தி அடையாதீர்கள். 2023 அக்டோபர் 9-ல் அமலுக்கு வந்தவை சில பிரிவுகள்தான். உடன்படிக்கையை நிறைவேற்றும் பிரிவு அவற்றில் இல்லை.

‘வழக்கறிஞர், நிர்வாக இயக்குநர்’ என்ற ஜோடியே எனக்கு உறுத்துகிறது. பார் கவுன்சில் விதி 48-ன்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநராக இருக்கலாம். நிர்வாக இயக்குநராக இருக்கக் கூடாது. அவருடைய பதிவு எண்ணையும், சன்னதை (வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமத்தை) நிறுத்தி வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். இதனால் உங்கள் உடன்படிக்கை செல்லாமல் போகாது. ஆனாலும் தன் தொழிலின் விதியையே கவனிக்காதவர் உங்கள் ஷரத்துகளை எவ்வளவு கவனமாக எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

‘சான்றிதழ்’ என்றால் யார் தந்தது? உச்ச நீதிமன்றத்தின் மீடியேஷன் குழு வகுத்த பயிற்சி 40 மணி நேரம். இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்ததற்கும் சான்றிதழ் தருகிறார்கள். பயிற்சி தந்த அமைப்பு, மணி நேரம், ஆண்டு, சமரசராக உட்கார்ந்து நடத்திய தகராறுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். மனிதவள அனுபவம் பேச்சை நடத்தப் பயன்படும். பங்குதாரர் கணக்கைப் பிரிக்க அது போதாது. கணக்குக்கு இருவருக்கும் பொதுவான ஓர் ஆடிட்டரைத் தனியாக வையுங்கள்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் இயக்குநர்கள் யார் என்று தெரியும். தலைவர் என்று விளம்பரத்தில் இருப்பவர் பதிவேட்டில் இல்லாமல் போவதும் உண்டு. அதோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள்: ‘எதிர்த்தரப்பினருடனோ, அவர் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுடனோ எந்தக் காலத்திலாவது ஊழியம், ஆலோசனை, கட்டணம், உறவு இருந்ததா?’ நிறுவனத்தின் பெயரில் பொதுவாக வரும் பதிலை ஏற்காதீர்கள்; தனிநபர் கையெழுத்து வேண்டும்.

நடுவர் ஷரத்தை முழுவதுமாக அடித்துவிட்டு, அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். ஒற்றைச் சமரசரின் பெயரை 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-வது பிரிவின்படி இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அந்த அம்மையார் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. செலவு, உடன்படிக்கையில் வேறுவிதமாக இல்லாவிட்டால், இருவருக்கும் சரிபாதி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கலைந்த கூட்டுத்தொழிலின் கணக்குக்கு வழக்குப் போட, காலவரம்புச் சட்டத்தின் 5-வது இனத்தின்படி மூன்று ஆண்டுதான். உங்களுக்கு 2027 மார்ச் 31 வரை. பேச்சு நடப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. உரிமையைக் காக்க இடையிலேயே வழக்குத் தொடர 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 77-வது பிரிவு அனுமதிக்கிறது. காலத்துக்குள் அண்ணன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ஆனால் சமரச அறையில் ஒப்புக்கொண்டதை அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-வது பிரிவு கோர்ட்டில் காட்ட விடாது. அதனால் கடனை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைச் சமரசம் தொடங்கும் முன்பே, தனியாக, தேதியோடு வாங்கி வையுங்கள்.