ஊசி போட்டுக்கொண்டு இன்னொரு சீசன் ஆடலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. சென்னை லீக்கில் ஆடி வளர்ந்தவன். இப்போது தேசிய அளவில் இரண்டாம் அடுக்கு லீக்கில் ஆடும் ஒரு கிளப்பில் நடுக்கள ஆட்டக்காரன். வலது கணுக்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. முதலில் கிழிந்த தசைநாரைச் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு, மூட்டுக்குள் குருத்தெலும்பு பெயர்ந்திருப்பதாகச் சொல்லிச் 'சுத்தம்' செய்தார்கள். இன்றும் பயிற்சிக்கு மறுநாள் காலையில் கால் வீங்குகிறது, படி இறங்கினால் வலிக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு ஒரு சீசன் ஓட்டிவிடலாம் என்கிறார் அணி மருத்துவர். ஆட முடியாவிட்டால், பரஸ்பர சம்மதத்துடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகக் கடிதம் கொடு என்கிறது நிர்வாகம். ஒப்பந்தம் முடிய 14 மாதங்கள் இருக்கின்றன. ஆடுவதா, விடுவதா? விட்டால் என்ன செய்வது?

பதில்: கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அவசரம். கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தத் தாளில் ஒப்பமிட்டால் மிச்சமுள்ள 14 மாதச் சம்பளத்தையும், கிளப் ஏற்கவேண்டிய சிகிச்சைச் செலவையும் நீங்களாகவே விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஆட்டக்காரர் காயமடைந்தார் என்பது, கிளப் ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிப்பதற்கான நியாயமான காரணம் ஆகாது. ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு அமைப்பு தொடர்ந்து எடுத்துவந்திருக்கும் நிலை இதுதான். அதனால்தான் உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படுகிறது. 'மருத்துவ அறிக்கைகள் கைக்கு வந்தபின் பதில் தருகிறேன், அதுவரை ஒப்பந்தப்படி மறுவாழ்வுப் பயிற்சியில் இருக்கிறேன்' என்று கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அனுப்பியபடி பயிற்சிக்கூடத்துக்கும் தவறாமல் போங்கள். மனம் வெறுத்து வீட்டில் உட்கார்ந்தால், வேலைக்கு வரவில்லை என்ற காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்து, 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டும் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு என்கிறது ஃபிஃபா விதி. உள்நாட்டு வழக்குகள் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர்கள் நிலைக் குழுவுக்குப் போகும். தனியாகப் போராட வேண்டாம். 2006இல் பைச்சுங் பூட்டியா போன்றவர்கள் முன்னின்று தொடங்கிய இந்திய கால்பந்து வீரர்கள் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலோடு அவர்களை அணுகுங்கள்.

காப்பீட்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சாதாரணத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் நிரந்தர ஊனம் என்றால் கை, கால், கண் இழப்பு என்ற அளவில்தான் வரையறை இருக்கும். நடக்க முடிகிற, ஆனால் கால்பந்து ஆட முடியாத கணுக்காலுக்கு அதில் பெரும்பாலும் எதுவும் வராது. தொழில்முறை விளையாட்டில் ஏற்பட்ட காயத்தையே விலக்கிவைக்கும் பாலிசிகளும் நிறைய. கிளப் உங்கள் பெயரில் எடுத்திருப்பது எந்த வகை, தகவல் தெரிவிக்கக் கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனிக் கணுக்கால். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வலியைவிட அந்த மறுநாள் வீக்கம். குருத்தெலும்பில் ரத்தநாளமும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேயும்போது அது சத்தம் போடுவதில்லை. ரத்தம் இல்லாததால் தேய்ந்தபின் ஆறுவதும் இல்லை. உங்களுக்கு வலி தெரிகிறது என்றால், சேதம் அடியிலிருக்கும் எலும்பையோ மூட்டின் உள்ளுறையையோ எட்டியிருக்கிறது என்று பொருள். இடுப்பும் முழங்காலும் பெரும்பாலும் வயதால் தேய்பவை. கணுக்கால் அப்படியல்ல. கணுக்கால் தேய்மானத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கும்.

'சுத்தம்' என்று உங்களிடம் சொன்னது என்ன என்பதை அறுவை சிகிச்சைக் குறிப்பை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பெயர்ந்த துண்டை எடுத்ததோடு விட்டார்களா, அல்லது எலும்பில் சிறு துளைகள் இட்டார்களா? துளையிட்டால் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து தழும்பு போன்ற ஒரு திசு வளர்ந்து குழியை மூடும். குழியின் விட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இது பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. அதைவிடப் பெரிதென்றால் ஒட்டுச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கவேண்டும். இப்படி வளரும் திசு அசல் குருத்தெலும்புக்கு இணையில்லை. நடப்பதற்குத் தாங்கும். 90 நிமிடம் ஓடித் திரும்பி உதைக்கத் தாங்குமா என்பதுதான் உங்கள் கேள்வி.

நெதர்லாந்தின் முன்கள ஆட்டக்காரர் மார்கோ வான் பாஸ்டன் கதையை வயதில் பெரியவர்கள் அறிவார்கள். உங்கள் கணுக்காலுக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து வந்த டேக்கிள்கள்தான் அவரை முடித்தன என்று பலர் சொல்வார்கள். அவை பாதித்தது உண்மைதான். ஆனால் ஆரம்பக் காயம் 1986 டிசம்பரில் அயாக்ஸ் அணிக்காக ஆடியபோது, எதிரணி வீரர் மீது அவரே சறுக்கிப் பாய்ந்ததில் வந்தது. முழு ஓய்வு கிடைக்கவில்லை. உள்ளூர் லீக் ஆட்டங்கள் சிலவற்றைத் தவிர்க்கலாம், ஐரோப்பியக் கிளப் கோப்பை ஆட்டங்களில் இறங்கவேண்டும் என்று பயிற்சியாளர் யோஹான் க்ரைஃபுடன் ஏற்பாடு. பலனும் கிடைத்தது: 1987 மே மாதம் ஏதென்ஸில் நடந்த அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. அடுத்து இத்தாலியின் மிலான் அணிக்குப் போன முதல் சீசனில் கணுக்காலால் பெரும்பகுதி வெளியே. 1988 கோடையில் நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பையில் ஐந்து கோல், நெதர்லாந்துக்குச் சாம்பியன் பட்டம்.

இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் அவர் அபாரமாக ஆடினார். மூட்டு சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். 1992 நவம்பர் 25 அன்று கோத்தன்பர்க் அணிக்கு எதிராக நான்கு கோல் அடித்தார். ஒரு மாதம் முடிவதற்குள் மீண்டும் அறுவை சிகிச்சை மேசையில் கிடந்தார். 1993 மே 26 அன்று மியூனிக்கில் மார்செய் அணிக்கு எதிரான இறுதி ஆட்டம்தான் அவரது கடைசி ஆட்டம். அப்போது வயது 28. அதன்பின் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை, மறு சிகிச்சை. 1995 ஆகஸ்டில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். இரவில் கழிவறைக்குக் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து போன நாட்களைப் பற்றி அவரே பின்னர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். மூன்று முறை ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவருக்கு, ஐரோப்பாவின் பெயர்பெற்ற மருத்துவர்களெல்லாம் கிடைத்தும், இதுதான் நிலை.

கடைசியில் வலியை நிறுத்தியது கணுக்கால் எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடும் அறுவை சிகிச்சை. அதன்பிறகு அந்த மூட்டு மேலும் கீழும் அசையாது. கோல்ஃப் ஆடலாம், நடக்கலாம். தொழில்முறைக் கால்பந்து முடிந்தது. அசையாத மூட்டின் வேலையைப் பக்கத்து மூட்டுகள் ஏற்பதால், பல ஆண்டுகளில் அவையும் தேயும். ஆகவே 26 வயதில் அந்த முனைக்குப் போகாமல் இருப்பதுதான் நமது நோக்கம். செயற்கைக் கணுக்கால் பொருத்துவதும் உங்கள் வயதுக்கு உரியதல்ல.

இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணித்தலைவர் லெட்லி கிங் முழங்காலில் குருத்தெலும்பே இல்லாமல் பல ஆண்டுகள் ஆடினாரே என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆடினார். வாரம் முழுவதும் அணியோடு ஓடாமல் நீச்சலும் உடற்பயிற்சிக் கூடமுமாக இருந்துவிட்டு, ஆட்டத்தன்று மட்டும் களம் இறங்க அவருடைய கிளப் அனுமதித்தது. அப்படியும் 31 வயதில் நிறுத்தவேண்டி வந்தது. உங்களிடம் கடிதம் கேட்கும் கிளப் அந்தச் சலுகையைத் தருமா?

அணி மருத்துவர் சொல்லும் ஊசி எது என்று பெயர் கேளுங்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்து என்றால், மூட்டு கொடுக்கும் ஒரே எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஆடுகிறீர்கள். ஸ்டீராய்டு என்றால் சில வாரம் வீக்கம் வடியும். திரும்பத் திரும்பப் போட்டால் மிச்சமிருக்கும் குருத்தெலும்பையே அது அரிக்கக்கூடும். அதைவிட உடனடி ஆபத்து ஒன்று உண்டு, பல அணி மருத்துவர்களே இதை மறந்துவிடுகிறார்கள்: 2022 ஜனவரி 1 முதல், மூட்டுக்குள் போடுவது உட்பட எல்லா வகை ஸ்டீராய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மூட்டுக்குள் போட்டால், மருந்தைப் பொறுத்து 3 முதல் 10 நாள் இடைவெளி தேவை. ஆட்டத்துக்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு, பரிசோதனையில் சிக்கினால் தடை உங்களுக்குத்தான்.

ஊசியோடு ஒரு சீசன் என்பதற்கு என் பதில் வேண்டாம். ஊசியில்லாமல் திரும்பவே முடியாதா என்பதைப் படங்கள் பார்க்காமல் சொல்வது நியாயமில்லை. நின்றபடி, எடையைக் காலில் தாங்கி எடுத்த எக்ஸ்ரேயும் புதிய எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரே மூட்டு இடைவெளியைப் பெரிதாகக் காட்டி ஏமாற்றும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களின் சிடியையும் எடுத்துக்கொண்டு, கிளப்போடு தொடர்பில்லாத, கணுக்காலில் தனித்தேர்ச்சி பெற்ற ஓர் எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். இவன் ஆட்டக்காரன் இல்லை, உங்கள் தம்பி என்றால் என்ன சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அதற்குள் வீட்டிலேயே ஒரு சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். எவ்வளவு தூரம் பின்னால் நின்று தொட முடிகிறது என்பதை இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். சில சென்டிமீட்டர் வித்தியாசம் நிலைத்து நின்றால் மூட்டு இறுகியிருக்கிறது. ஒற்றைக் காலால் தாண்டும் தூரத்தைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மட்டும் பாருங்கள். நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்டாமல் களத்துக்கு அனுப்புவதில்லை. மூன்று மாதம் ஒழுங்கான மறுவாழ்வுப் பயிற்சி செய்தும் மறுநாள் வீக்கம் நிற்கவில்லை, எக்ஸ்ரேயில் இடைவெளியும் குறைந்திருக்கிறது என்றால், நான் ஓய்வு என்றே எழுதிக் கொடுப்பேன்.

விட்டால் என்ன செய்வது? எல்லோரும் பயிற்சியாளர் வேலை என்பார்கள். முழங்கால் காயத்தால் 20 வயதிலேயே ஆட்டத்தை விட்ட யூலியன் நாகல்ஸ்மான், 28 வயதில் ஜெர்மனியின் முதல் அடுக்கு லீக்கில் ஹோஃபன்ஹைம் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனது உண்மை. ஆனால் வான் பாஸ்டனே தேசிய அணி வரை பயிற்றுவித்தபின், மன அழுத்தம் தாங்காமல் 2014இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை விட்டு உதவியாளராக இறங்கிக்கொண்டார். எனக்குப் பிடித்த உதாரணம் வட அயர்லாந்து ஆட்டக்காரர் நார்மன் வைட்சைட். 17 வயதில் உலகக் கோப்பை ஆடியவர், முழங்காலால் 26 வயதில் ஓய்வு, அதாவது உங்கள் வயது. பின்னர் கல்லூரிக்குப் போய்ப் படித்துப் பாத மருத்துவ நிபுணர் ஆனார். உங்களிடம் பட்டம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. பயிற்சியாளர் ஆசை இருந்தால் சம்மேளனத்தின் தொடக்கநிலைப் பயிற்சியாளர் உரிமமான டி லைசென்ஸை ஒப்பந்தம் ஓடும்போதே முடித்துவிடலாம். கால் கொஞ்சம் ஒத்துழைத்தால் போதும்.

தூக்கம் கெடுவது, பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பது, அணி நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் விடுவது இவையெல்லாம் இந்தக் காலத்தில் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அரசு வேலை என்றால், தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே போன்ற துறைகளின் விளையாட்டுக் கோட்டாவில் களத்தில் திறன் தேர்வு வைப்பார்கள், அதற்கு இந்தக் கால் தேறாது. மாநில ஒதுக்கீட்டுக்கோ சான்றிதழ்கள்தான் உயிர். எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எத்தனையாவது இடம் என்று சங்கத்தின் முத்திரையோடு வேண்டும். உறவு கசந்தபின் கிளப் அலுவலகத்தில் யாரும் பழைய கோப்பைத் தேடித்தரமாட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பும் அன்றே சான்றிதழ்களுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.