லேப் 1.11, சீனியர் 1.0, மென்பொருள் 1.08: எந்த அடர்த்தியைப் போடுவது?

கேள்வி: குவைத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலை செய்யும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில், டேட்டா பிரிவில் இருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரு எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரின் லேப் ரிப்போர்ட்டில் அடர்த்தி 1.11, கரைந்த உப்பு லிட்டருக்கு 1,66,500 மில்லிகிராம் என்று இருக்கிறது. சீனியர், "தண்ணீர்தானே, 1.0 போடு, பழைய ஃபைல் எல்லாம் அப்படித்தான்" என்கிறார். உப்பளவை மென்பொருளில் கொடுத்தால் 1.08 காட்டுகிறது. எண்ணெய் இருக்கும் சுண்ணாம்புப் பாறை சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில். வெப்பம் 110 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 300 பார். எது சரி?

பதில்: 1.07 போடுங்கள். உங்களிடம் இருக்கும் மூன்று எண்ணும், பாறைக்குள் இருக்கும் தண்ணீரின் அடர்த்தியைக் கேட்கும் கட்டத்துக்கு உரியவை அல்ல.

லேப் சொன்ன 1.11 பொய்யில்லை. ஆனால் அது லேப் மேஜைமேல் இருக்கும் தண்ணீரின் அடர்த்தி. அதே தண்ணீர் பாறைக்குள் 110 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அதன் கன அளவு ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். 300 பார் அழுத்தம் அதில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்ப அமுக்கிவிடும். மிச்சம் 4 சதவீத விரிவு. 1.11ஐ 1.04ஆல் வகுத்தால் 1.067. இது, பாறைக்குள் தண்ணீர் எவ்வளவு விரியும் என்று கணக்கிடும் மெக்கெய்ன் சூத்திரப்படி. 1992இல் பாட்ஸில், வாங் இருவரும் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டால் 1.072 வரும். இரண்டுக்கும் நடுவே 1.07. மூன்றாவது தசமத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். நம் கையில் இருக்கும் சாம்பிளுக்கு அவ்வளவு நம்பகம் கிடையாது.

மென்பொருளின் 1.08 எப்படி வந்திருக்கும்? கட்டத்தில் பிபிஎம் (எடையில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கேட்டிருக்கும், நீங்கள் லிட்டருக்கு மில்லிகிராமைக் கொடுத்திருப்பீர்கள். குடிநீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இவ்வளவு உப்பில் ஒன்றில்லை. ஒரு லிட்டரே 1.11 கிலோ எடை; 1,66,500ஐ 1.11ஆல் வகுத்தால் 1,50,000 பிபிஎம், அதாவது எடையில் 15 சதவீதம். அதைக் கொடுத்துப் பாருங்கள், 1.07 வந்துவிடும்.

சரி, இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சீனியர் கேட்பார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கிணற்றில் 2,900 மீட்டரில் எண்ணெயின் அழுத்தம் அளந்தாயிற்று. பக்கத்துக் கிணற்றில் 3,000 மீட்டரில் தண்ணீரின் அழுத்தம் அளந்தாயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் 9.55 பார், உள்ளே எண்ணெயின் அடர்த்தி 0.75 என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் முடிந்து தண்ணீர் தொடங்கும் மட்டம் எது? தண்ணீருக்கு 1.07 போட்டால் 2,930 மீட்டர். சீனியரின் 1.0 போட்டால் 2,910. இருபது மீட்டர் எண்ணெய் காகிதத்திலேயே காணாமல் போகிறது. லேபின் 1.11ஐ அப்படியே போட்டால் 2,938. இல்லாத எட்டு மீட்டர் எண்ணெயை நம்பித் துளை போட்டால், வருவது தண்ணீர்.

இதுவரை சொன்னது, சாம்பிள் ஒழுங்கான சாம்பிளாக இருந்தால். நான் உண்மையில் பயப்படுவது அங்கேதான். சூத்திரம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். பாட்டிலுக்குள் இருப்பது பாறையின் தண்ணீர்தானா என்று யாரும் கேட்பதில்லை.

கிணறு தோண்டும்போது ஊற்றிய 'மட்' என்னும் சேற்றுக் கரைசலின் தண்ணீர் பாறைக்குள் இறங்கியிருக்கும். பொட்டாசியம் குளோரைடு மட் பயன்படுத்திய கிணறாக இருந்தால், ரிப்போர்ட்டில் முதலில் பொட்டாசியத்தைப் பாருங்கள். பக்கத்துக் கிணறுகளைவிடப் பல மடங்கு எகிறியிருந்தால் அது மட் கலந்த தண்ணீர், அடர்த்திக்கு உதவாது. அடுத்தது ஆசிட். உங்களுடையது சுண்ணாம்புப் பாறை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கழுவியிருப்பார்கள். அமிலம் பாறையைத் தின்றால் மிஞ்சுவது கால்சியம் குளோரைடு கரைசல், கனமானது. ஆசிட் வேலை முடிந்த உடனே பிடித்த சாம்பிளில் கால்சியம் ஏறியும் பிஎச் இறங்கியும் இருக்கும். அதைப் பாறைநீர் என்று எழுதி அனுப்பும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

கால்சியம் இயற்கையாகவே அதிகமுள்ள தண்ணீரும் உண்டு. எடையில் 20 சதவீத சோடியம் குளோரைடு கரைசல் அறை வெப்பத்தில் 1.148 என்றால், அதே 20 சதவீத கால்சியம் குளோரைடு 1.178. மின்தடையிலிருந்து உப்பளவைக் கணக்கிடும் சார்ட்டுகள் பெரும்பாலும் சமையல் உப்பு (சோடியம் குளோரைடு) என்றே எடுத்துக்கொள்கின்றன.

அப்புறம் இடைத்தரகர்கள். பெயர்ப்பலகையில் 'லேப்' என்று இருக்கும். உள்ளே போனால் ஒரு மேஜை, ஒரு ஃப்ரிட்ஜ், சாம்பிளை வேறெங்கோ அனுப்பிக் கமிஷன் பார்க்கும் ஆள். டெண்டரில் குறைந்த விலைக்குத்தான் வேலை என்றால் இதுதான் கிடைக்கும். எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்ற கட்டம் காலி, சாம்பிள் பிடித்த தேதி காலி, முத்திரை மட்டும் பளிச்சென்று. இப்படிப்பட்ட ரிப்போர்ட்டில் அயனிச் சமநிலை எவ்வளவு என்று பாருங்கள். நேர், எதிர் மின்னூட்டங்களின் கூட்டுத்தொகை ஓரிரு சதவீதம் வேறுபட்டால் நல்ல அறிகுறி. 0.00 என்று வந்திருந்தால் சோடியத்தை அவர்கள் அளக்கவே இல்லை. மற்றதையெல்லாம் அளந்துவிட்டு, கணக்கு நேராகும் அளவுக்குச் சோடியத்தை நிரப்பியிருக்கிறார்கள். அந்த வழியில் போனால் எந்தத் தப்பும் வெளியே தெரியாது. இதை நான் ஒரு அலுவலகத்தில் எடுத்துச் சொன்னபோது, "பேலன்ஸ் சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்டார்கள்.

அப்படியானால் 1.0 எங்குமே சரியில்லையா? அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். எரிவாயுக் கிணறுகளில், சூடான வாயு பாறைக்குள்ளேயே நீராவியைச் சுமந்துகொண்டிருக்கிறது. மேலே வந்து குளிர்ந்ததும் அந்த ஆவி, சோற்றுப்பானை மூடியில் கோக்கும் நீரைப் போல, வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் செபரேட்டரில் தண்ணீராக இறங்கிவிடும். அதில் உப்பு அநேகமாக இருக்காது. குழாய் துரு கரைந்து இரும்பு வேண்டுமானால் இருக்கும். அளந்தால் 1.00 சுத்தமாக வரும். அளவு சரி, லேப் சரி, சாம்பிளும் புதுசு. ஆனால் அது பாறைத்துளைகளில் இருக்கும் தண்ணீரே இல்லை. கிணற்றுக்கு வயதாக ஆக உண்மையான பாறைநீரும் மேலே வரத் தொடங்கும், இரண்டும் கலக்கும், குளோரைடு மாதாமாதம் ஏறும். அந்தக் கலவையில் எந்த மாதத்து எண்ணைப் போட்டாலும் தப்புதான். சராசரி எடுப்பது அதைவிடத் தப்பு. ஆகக் கூடுதலான குளோரைடைக் கீழ்வரம்பாக மட்டும் வைத்துக்கொண்டு, உண்மை அதற்கு மேலே என்று எழுத வேண்டும். உங்களுடையது எண்ணெய்க் கிணறு, ஆகவே இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. உங்கள் பழைய ஃபைலில் இருக்கும் 1.0 மட்டும் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

சாம்பிளையே நம்பாமல் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கிணற்றின் தண்ணீர்ப் பகுதியில் கம்பியில் கருவி இறக்கிப் பல ஆழங்களில் அழுத்தம் எடுத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளை ஆழத்துக்கு எதிராக வரைந்து சாய்வைப் பாருங்கள். அடர்த்தி 1.07 என்றால் 100 மீட்டருக்கு 10.5 பார், உங்கள் அலுவலகக் கணக்கில் ஒரு அடிக்கு 0.464 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வர வேண்டும். புள்ளிகள் பத்து மீட்டருக்குள் நெருக்கிக் கிடந்தால் இதை நம்பாதீர்கள். அந்த உயரத்தில் 0.01 அடர்த்தி வித்தியாசம் என்பது 0.01 பார்தான். முப்பது நாற்பது மீட்டராவது பரவியிருக்க வேண்டும். ஆழம் என்பது செங்குத்து ஆழம், சாய்ந்த கிணற்றில் குழாயின் நீளம் இல்லை. இந்த ஒன்றைத் தவறவிட்டுத் தண்ணீரின் அடர்த்தி 0.9 என்று எழுதிய ரிப்போர்ட்டுக்குக் கீழே மூன்று கையெழுத்து இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஃபைலில் வெறும் 1.07 என்று விடாமல், பக்கத்தில் "110 டிகிரி, 300 பார், உப்பு 1,50,000 பிபிஎம், கூடக்குறைய 0.01" என்று எழுதுங்கள். சாம்பிள் பிடித்த தேதியையும், அதற்கு முன் கடைசியாக ஆசிட் விட்ட தேதியையும் கேட்டு வாங்கிச் சேர்த்து எழுதுங்கள். லேப் தர மறுத்தால், மறுத்ததாகவே எழுதி வையுங்கள்.