அடியில் ஒன்றும் இல்லாத படி: மரப் படிப்பலகை கேள்வி பதில்

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ரைசர் பலகை அடைக்காமல், வெளிச்சம் ஊடுருவ விட்ட படிக்கட்டுகளைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. தச்சு வேலையில் கை காய்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் படிக்கட்டு 1 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவில் தாங்கல் இல்லை. 30 மி.மீ. ஓக் பலகை கைவசம் இருக்கிறது. 40 மி.மீ.தான் வேண்டும் என்று தச்சர் பிடிவாதம் பிடிக்கிறார். 10 மி.மீ.யில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது?

நான் தச்சர் பக்கம். தரையில் பதிக்கும் பலகைக்கு அடியில் தரை இருக்கிறது. மூடிய படிக்கட்டில் ரைசர் முட்டுக் கொடுக்கிறது. திறந்த படியில் பலகையே உத்தரம், அதற்கு வேறு துணை கிடையாது. உத்தரத்தின் விறைப்பு, கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30க்குப் பதில் 40 போட்டால் மரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, விறைப்போ ஏறக்குறைய 2.4 மடங்கு ஆகிவிடுகிறது.

நல்ல ஓக் என்றால் 30 மி.மீ. பலகை சட்டென்று உடைந்துவிடாது. ஆனால் மிதிக்கும்போது லேசாகத் தாழ்ந்து எழும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். வயதானவர்கள் ஒரு படிக்கட்டில் மட்டும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினால் இந்த அசைவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீளத்துக்கும் இதே கணக்குதான். தாங்கலுக்குத் தாங்கல் 900 மி.மீ. இருந்தது 1200 ஆனால் வளைவும் 2.4 மடங்கு ஆகும். அதை ஈடுகட்ட 40 மி.மீ. பலகை 53 மி.மீ. ஆக வேண்டும். அவ்வளவு கனம் பார்க்கப் பிடிக்காதவர்கள் பலகையின் அடியில் காடி எடுத்து ‘L’ வடிவ இரும்பு ஆங்கிள் ஒன்றைப் புதைக்கலாம். உங்கள் 30 மி.மீ. பலகையை வீணாக்க வேண்டாம் என்றால் அதுதான் வழி.

அப்புறம், விற்பவர் ‘40’ என்றால் இழைத்த பிறகு 40ஆ, இழைப்பதற்கு முன்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இழைப்பதிலேயே 5 மி.மீ. போய்விடும்.

கேள்வி: அண்ணா, தேக்கு, ஓக், பீச், பைன் நான்கில் எது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: மேல்பரப்பு எவ்வளவு அடி தாங்கும், காற்றின் ஈரம் மாறும்போது மரம் எவ்வளவு அசையும்.

முதலாவதுக்கு ஜன்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மி.மீ. குறுக்களவுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி வரை அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பார்கள். பவுண்டுக் கணக்கில் பீச் 1450 அளவுக்கு வரும், வெள்ளை ஓக் 1360, தேக்கு 1070 பக்கம். பைனில் வகைக்கு வகை பெரிய வித்தியாசம். மென்மையான வெள்ளைப் பைன் 380தான். செருப்புக் குதிகாலில் ஒட்டியிருக்கும் சிறு கல்லே அதில் பள்ளம் போட்டுவிடும்.

இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் பீச்தான் முதலிடம். ஆனால் பீச் ஈரத்துக்கு ரொம்பவே அசையும். வைரம் பாய்ந்த தேக்கு கடினத்தில் பின்தங்கினாலும் அசைவில் சாது. 280 மி.மீ. அகலப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் ஓக் 4 மி.மீ. வரை அகலம் மாறும், தேக்கு 2 மி.மீ.தான். காற்றின் ஈரம் ஏறி இறங்கும் வீட்டுக்கு என்னைக் கேட்டால் தேக்கு. வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கும் வீட்டுக்கு ஓக்கோ பீச்சோ தாராளமாகப் போடலாம். பைன், ஆட்கள் அதிகம் ஏறி இறங்காத பரணுக்குச் சரி.

கேள்வி: ஒரே பலகையாக வாங்குவதா, துண்டுகளை ஒட்டிய பலகையா? ஒட்டியது என்றால் தரம் குறைவு என்று வீட்டில் சண்டை.

சண்டையை நிறுத்துங்கள். படிப்பலகை அகலத்துக்கு ஒரே துண்டாக வரும் மரம்தான் கிண்ணம் போல வளைய அதிக வாய்ப்புள்ளது. பக்கவாட்டில் ஒட்டிய பட்டைகளில் ஒன்று இழுக்கும் பக்கம் இன்னொன்று இழுக்காது, அதனால் பலகை நேராக நிற்கும். பார்க்க வேண்டியது பட்டையின் நீளத்தை. ஒவ்வொரு பட்டையும் படியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுசாக ஓட வேண்டும். குட்டிக் குட்டித் துண்டுகளை விரல் கோத்த மாதிரி நீளவாக்கில் இணைத்த பலகையை மூடிய படிக்கு ஏற்றுக்கொள்வேன். திறந்த படியில் பலகைதான் பாரம் தாங்குகிறது, அதனால் நான் போடுவதில்லை.

மரத்தூள் பலகை, மர இழையை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இரண்டும் வேண்டவே வேண்டாம். பாரம் ஏற ஏற மெல்ல மெல்லத் தொய்ந்து, அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: மூன்று வயதுப் பையன் இருக்கிறான். படிகளுக்கு இடையில் தலையை விட்டுவிடுவானோ என்று பயம். ரைசர் அடைக்காமல் வழி இருக்கிறதா அண்ணா?

நியாயமான பயம், தங்கச்சி. பல நாடுகளின் கட்டட விதிகளில் இதற்கு ஓர் அளவு இருக்கிறது: 100 மி.மீ. பந்து அந்த இடைவெளியில் நுழையக் கூடாது. பச்சைக் குழந்தையின் தலையை மனதில் வைத்த அளவு அது.

உங்கள் படியின் உயரம் 180 மி.மீ., பலகை 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 140. பலகையின் அடியில் பின்பக்கமாக 45 மி.மீ. உயரத்தில் ஒரு மரப்பட்டையை நீளவாக்கில் பொருத்துங்கள். 95 ஆகிவிடும், வெளிச்சமும் வரும். பட்டையைப் பசை போட்டு, அடியிலிருந்து திருகாணியும் கொடுத்துவிட்டால் அதுவே பலகைக்கு விலா எலும்பு மாதிரி விறைப்பும் தரும். இடைவெளியின் நடுவில் ஒரு ஸ்டீல் கம்பி ஓட்டுவதும் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. பிள்ளைகள் அதை ஏணியாக்கி ஏறுவார்கள்.

கேள்வி: படிப்பலகைகள் வந்து இறங்கிவிட்டன. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். நாளைக்கே மாட்டலாமா?

முதலில் சுவரிலிருந்து எடுங்கள். சாய்த்து வைத்த பலகை சாய்ந்தபடியே வளையும். படிக்கட்டு இருக்கும் அதே அறையில் சமதளத்தில் படுக்க வைத்து, பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனமுள்ள சின்னக் குச்சிகளைக் கொடுத்து அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வர வேண்டும். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு. பூச்சு வேலை, டைல்ஸ் வேலை முடியாத வீடு என்றால் இறக்கியிருக்கவே கூடாது. ஈரச் சுவர் விடும் தண்ணீரையெல்லாம் மரம் குடித்துவிடும். ஈரமானி கிடைத்தால் அளந்து பாருங்கள், வீட்டுக்குள் போடும் மரத்துக்கு 8 முதல் 12 சதவீதம் சரி.

கேள்வி: ஒரு வருடம் முன்பு மாட்டிய படிகளில் மூன்று நீளவாக்கில் பிளந்துவிட்டன. இரும்புத் தட்டின் மேல் பசை போட்டு, நான்கு திருகாணி இறுக்கினார்கள். மரம் மோசமா, வேலை மோசமா?

விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று குனிந்து பாருங்கள். பலகையின் முனையில், தட்டுக்கு நேர் மேலே, முன் திருகாணிக்கும் பின் திருகாணிக்கும் நடுவில் ரேகையோடு ஓடுகிறதா? முனையில் நகம் நுழையும் அளவு, உள்ளே போகப் போக மயிரிழையாகிறதா? அப்படியென்றால் மரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். அகலவாக்கில் அசைந்தே தீரும். இரும்பு அப்படி அசையாது. 280 மி.மீ. ஓக் பலகை 4 மி.மீ. சுருங்கப் பார்க்கும்போது முன்னும் பின்னும் திருகாணியைப் போட்டு இறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? நடுவில் பிளக்கும்.

தட்டில் முன்பக்கத் துளையை மட்டும் வட்டமாக விடுங்கள். மற்றவற்றை முன்பின்னாக நீண்ட துளைகளாக, 6 மி.மீ. அகலம் 12 மி.மீ. நீளம் என்று வெட்டிக்கொள்ளுங்கள். திருகாணியை அந்தத் துளையின் நடுவில் வைத்து, அகலமான வாஷரோடு, இறுக்கிப் பிடிக்கும் வரை மட்டும் திருகுங்கள். முன்பக்கத்தை ஏன் நிலையாக வைக்கிறோம் என்றால் எல்லாப் படிகளின் முன் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும், அசைவெல்லாம் கண்ணில் படாத பின்பக்கம் போய்விடும். நானாக இருந்தால் மரத்துக்குள் உள்மரை போட்ட பித்தளைக் குமிழைப் பதித்து போல்ட் மாட்டுவேன். நாளைக்குக் கழற்றி மாட்ட வேண்டி வந்தாலும் மரத்தில் மரை அழியாது. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே கெட்டியாக இறுகும் பசை கூடாது.

பிளந்த மூன்றையும் கழற்றி, விரிசலில் பசை செலுத்தி கிளாம்ப் போட்டு ஒட்டலாம். ஆனால் துளையைத் திருத்தாமல் திரும்ப மாட்டினால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வரும்.

கேள்வி: நாலாவது படி மட்டும் கிரீச் கிரீச். ராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கினால் வீடே எழுந்துவிடுகிறது.

ஒருவர் மேலே மிதிக்கட்டும், இன்னொருவர் அடியில் நின்று மரமும் தட்டும் சேரும் இடத்தில் விரலை வைக்கட்டும். சத்தம் வரும்போது எந்த மூலையில் விரலுக்கு அசைவு தட்டுகிறதோ அங்கேதான் வியாதி. அந்த மூலையில் தட்டு முழுசாக உட்காராமல் இருக்கும். திருகாணியைத் தளர்த்தி, 2 மி.மீ. ரப்பரோ கார்க்கோ நறுக்கிச் செருகி மறுபடி இறுக்குங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் எல்லாத் தட்டுக்கும் இதை முதலிலேயே செய்துவிடலாம்.

கேள்வி: ஏற்கெனவே இருக்கும் இரும்புப் படிகளின் மேல் 20 மி.மீ. மரம் போடப் போகிறோம். எல்லாப் படிக்கும் ஒரே கனம் என்பதால் உயரம் மாறாது, சரிதானே?

நடுவில் உள்ள படிகளுக்குச் சரி. முதலும் கடைசியும் மாறும். இப்போது ஒவ்வொரு படியும் 175 மி.மீ. என்றால், மரம் போட்ட பிறகு கீழ்த் தரையிலிருந்து முதல் படி 195, கடைசிப் படியிலிருந்து மாடித் தரை 155. கால் இரண்டாவது மூன்றாவது படியிலேயே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் 20 மி.மீ. குறைந்தால் உடம்பு முன்னால் தள்ளும். இறங்கும்போது கடைசி அடி எதிர்பார்த்ததைவிட ஆழத்தில் விழும், முழங்காலில் ‘டக்’ என்று உதைக்கும். அமெரிக்க வீட்டு விதியில் ஒரே படிக்கட்டின் உயரங்களுக்குள் 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. மேல் கீழ் இரண்டு தரையையும் அதே 20 மி.மீ. உயர்த்த முடிந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் தாங்கு தட்டுகளை அறுத்து இறக்க வேண்டியதுதான். எத்தனையோ பேர் தரை போடும் முன்பே படியை அளந்துவிட்டு இதில் மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: படியின் ஆழம் எவ்வளவு வைக்கலாம்?

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளாண்டல் சொன்ன சூத்திரம் இன்றும் ஓடுகிறது: இரண்டு உயரமும் ஓர் ஆழமும் கூட்டினால் ஒரு நடையடி. இப்போது 600 முதல் 640 மி.மீ. வரை எடுத்துக்கொள்கிறார்கள். உயரம் 175 என்றால் ஆழம் 250 முதல் 290. திறந்த படியில் மேல் படியின் முன் விளிம்பு கீழ்ப் படியின் பின் விளிம்பைத் தாண்டி 20, 30 மி.மீ. முன்னால் நீண்டிருக்க வேண்டும். பலகையை அந்த அளவு கூட்டி அறுங்கள்.

கேள்வி: நடுவில் ஒற்றை இரும்புத் தண்டு, அதன் மேல் படிகள். அழகாக இருக்கிறது, ஓரத்தில் மிதித்தால் ஆடுகிறது.

தட்டு சின்னதாக இருக்கும். படி 900 மி.மீ. நீளம் என்றால் தாங்கும் தட்டு 500க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் மிதிக்கும்போது மறுபக்கத் திருகாணி மரத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. அங்கே மரத்திருகாணி நிற்காது, உள்மரையும் போல்ட்டும்தான் நிற்கும்.

கேள்வி: எண்ணெயா, பாலியூரித்தேனா? அடிப்பக்கம் யார் பார்க்கிறார்கள், மேலே மட்டும் அடித்தால் போதாதா?

போதாது. மேலே மூடி அடியைத் திறந்து விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து விரியும், பலகை வளையும். ஆறு முகமும் அடிக்க வேண்டும். முனைகளில் மரத்தின் துவாரங்கள் திறந்திருப்பதால் அங்கே ஒரு கோட் கூடுதல். தேய்மானம் தாங்குவதில் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் முன்னே நிற்கும். கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது எண்ணெயில்தான் சுலபம். பளபளப்பு வேண்டாம், மேட் வாங்குங்கள். காலுறையோடு இறங்கும் வீடானால் முன் விளிம்பை ஒட்டிச் சொரசொரப்புப் பட்டை ஒன்றையும் பதித்துவிடுங்கள். விளிம்பை 3 மி.மீ.யாவது உருட்டுங்கள், கூர்முனையில் எந்தப் பூச்சும் தங்காது.

ஆளி விதை எண்ணெய் கலந்தது என்றால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

கேள்வி: ஓக் படியில் திருகாணியைச் சுற்றிக் கறுப்பாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

அநேகமாக இல்லை. ஓக்கில் உள்ள டானின், ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிவிடும். பழைய காலத்து எழுத்து மையே அந்தக் கூட்டணிதான். ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் வெளுக்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். திருகாணியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றாவிட்டால் மறுபடி வரும்.

கேள்வி: நேற்று கடைசிக் கோட் அடித்தாயிற்று. எப்போது ஏறலாம்?

தண்ணீர் வகைப் பாலியூரித்தேன் என்றால் ஒரு நாள் கழித்து வெறுங்காலிலோ சுத்தமான காலுறையிலோ மெதுவாக. செருப்பு, அலமாரி தூக்கிப் போவது எல்லாம் ஒரு வாரம் கழித்து. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வேறாக இருந்தால் டப்பா சொல்வதையே கேளுங்கள். அவசரமாக மாடிக்குப் போயே ஆக வேண்டிய வீட்டில் நான் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் அடிப்பேன். அடிக்காத படிகளில் மட்டும் ஒரு தாளை ஒட்டி வைத்துவிட்டால் தூக்கக் கலக்கத்திலும் தவறாது.