ஊருணி நீரின் நலத்தை நீர்த்தெள்ளு காட்டுமா?

காரைக்குடிப் பக்கத்து ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் ஓடை கெட்டுவிட்டதா என்பதை இறாலுக்கு உறவான சிற்றுயிர்களைக் கொண்டு அறியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறியலாம். அவற்றுள் ஒன்றான, டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு சில மில்லிமீட்டரே நீளமுள்ளது. கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் இதயம் துடிப்பதை எளிய நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளை ஓடை நீரில் விட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என எண்ணி, தூய நீரில் விட்டவற்றோடு ஒப்பிடுவதே ஆய்வகங்களின் வழக்கம். வயலிலிருந்து வழியும் பூச்சிமருந்துக்கும் செம்பு போன்ற உலோகங்களுக்கும் இவை எளிதில் துவண்டுவிடும். நீரில் உயிர்வளி குறைந்தால் ஹீமோகுளோபின் பெருகி உடலே சிவப்பேறுவது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால், ஊருணியில் இவை தென்படாததாலேயே நீர் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள், மீன்குஞ்சுகள் தின்றிருக்கலாம். குடிக்கத் தகுமா என்பதற்கு நோய்க்கிருமிச் சோதனை தனியே வேண்டும்.