டர்போ பொருத்தப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் காரில் டர்போ இல்லாத 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 11:1. எஞ்சினைப் பிரிக்காமலே டர்போ பொருத்தலாமா?

பொருத்தலாம். டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அது ஏற்றும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட், 5 அல்லது 6 பிஎஸ்ஐயோடு (அழுத்தத்தின் அலகு) நிற்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. உதாரணமாக, அதற்கு மேல் 7 ஏற்றினால் கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் அழுத்தும்போது காற்று சூடேறுவதால் அவ்வளவு கிடைப்பதில்லை. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தேவைப்படுவது இதனால்தான்.

அந்தச் சூடும் 11:1 விகிதமும் சேர்ந்தால் நாக்கிங் வரும். பிளக் மூட்டிய தீ எட்டுவதற்குள் மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடித்துவிடும். பல எஞ்சின்களில் முதல் பலி, பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 10.25:1 விகிதத்தோடு டர்போவையும் வைத்துக்கொண்டு, நாக்கிங்கை அடக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் செலுத்தியது. வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவே இல்லை!

எதையும் வாங்கும் முன் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: இப்போதைக்கு டர்போவை மட்டும் மாட்டிவிட்டு, ட்யூனிங்கை (பெட்ரோல் அளவையும் தீ மூட்டும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றுவதை) பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தக் கேள்விதான் அதிக எஞ்சின்களைக் கொல்கிறது. டர்போ இல்லாத பல கார்களில் காற்றழுத்த சென்சார், வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் ஏறியதை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ அறியாது. பெட்ரோலைப் பழைய அளவிலேயே கொடுக்கும். முழு பூஸ்ட்டில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் 11.5:1 முதல் 12:1 வரை விகிதம் இருக்க வேண்டிய நேரத்தில் கலவை மெலிந்துவிடும். பணம் போதாது என்றால் டர்போவைத் தள்ளிப்போடுங்கள். பெரிய இன்ஜெக்டர், பம்ப், சரியான சென்சார், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர், நல்ல ட்யூனர் ஆகியவை முதலில்.

கேள்வி: பழைய டர்போ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நடுவே உள்ள நட்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். சாதாரண புஷ் பேரிங் உள்ளதில், எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி இருப்பதால் பக்கவாட்டில் லேசாக ஆடும், அது குறையல்ல. முன்னும் பின்னும் ஆடினால் விட்டுவிடுங்கள். சக்கரம் கூட்டின் சுவரை உரசிய தடம் இருந்தாலும், இறக்கைகளின் நுனி பல் போல் உடைந்திருந்தாலும் அப்படியே. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் பொருளில் பேரம் பேச ஒன்றுமில்லை.

கேள்வி: பெரிய டர்போவாக வாங்கினால் பின்னாளில் உதவும் என்கிறார் நண்பர்.

நண்பர் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறாரா? சாலையில் பெரும்பாலும் 2,000 முதல் 4,500 ஆர்பிஎம் வரைதான் ஓட்டுவீர்கள். பெரிய டர்போ விழித்துக்கொள்வதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும்.

கேள்வி: புளோ-ஆஃப் வால்வு போட்டால் சக்தி கூடுமா?

கூடாது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது தேங்கும் காற்று கம்ப்ரஸரை முட்டாமல் காப்பதுதான் அதன் வேலை. காற்றோட்ட மீட்டர் உள்ள காரில், அளந்து முடித்த காற்றை வெளியே விட்டால் பெட்ரோல் மிகுந்து கலவை ஒரு கணம் தடித்துவிடும். உள்ளேயே திருப்பிவிடும் வகையை வாங்குங்கள். சத்தம் குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: புது டர்போ மாட்டிய நாள் முதல், நின்ற இடத்தில் நீலப் புகை வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு நுழைகிறது. நுரைத்துப்போய், தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. திரும்பும் குழாய் ஒல்லியாக இருந்தாலோ, நடுவில் வளைந்து மேலேறினாலோ, ஆயில் பேனில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தாலோ, எண்ணெய் தேங்கி, புகையால் சுழலும் டர்பைன் பக்கம் கசியும். அங்கிருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற ஓர் உலோக வளையம். தேங்கிய எண்ணெயை அது தடுக்காது. டர்போவைக் கழற்றிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், காரைத் தூக்கி நிறுத்தி அந்தக் குழாயைப் பாருங்கள்.